கடைசி அடியில் ஒரு பெயர்

ரம்லத்துக்குப் பாட்டு வருவதற்கென்று தனியாக ஒரு நேரம் கிடையாது. கைக்குழந்தை கிஃபாயத்துல்லா பால் குடித்தபடியே கண் சொருகும்போது ஓர் அடி வரும். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி அரியும்போது அதற்கு ஜோடி அடி வரும். சரி, மறப்பதற்குள் எழுதி வைப்போம் என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தால், ஏழு வயது மகள் சௌதா முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்து நிற்பாள். அவளுக்கு மருந்து வைத்துவிட்டுத் திரும்பினால் அடுப்பில் கிழங்கு அடிப்பிடித்திருக்கும். அதை இறக்கினால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிடுவார்கள். தொழுகையில் நிற்கும்போது பாட்டு வந்தால்தான் பெரிய வம்பு. அல்லாவின் முன்னால் நின்றுகொண்டு எதுகை தேடுகிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொழுவாள்.

இத்தனைக்கும் நடுவே ஊருக்குள் அவள் பாட்டு ஒரு பத்துப் பன்னிரண்டாவது நடமாடிக்கொண்டிருந்தது. ஊர் என்றால் கிள்ளான். பாசார் என்கிற சந்தைக்குப் பின்பக்கத்துத் தெருவில் முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவே ஒரு திரைச்சீலை. கணவர் அப்துல் மஜீத் துணி வியாபாரி. வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஒன்றரை வருஷமாகிவிட்டதால் அது இப்போது துணியில்லாத துணிக்கடை. ஒன்றிரண்டு வெள்ளைத் துணி போக, பழைய துணிக்கட்டுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள்தான் மிச்சம். அந்தத் தாளின் பின்பக்கம் முழுவதும் ரம்லத்தின் பாட்டு.

அவள் எழுதியது தமிழ்தான், எழுத்துதான் அரபு. குர்ஆன் ஓதப் பழகிய எழுத்திலேயே தமிழையும் எழுதிக்கொள்வது அவள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். தமிழ் எழுத்தில் அவளுக்குக் கை தடுமாறும், அரபுத் தமிழில் ஓடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு தாய், புருஷன் கப்பலில் போயிருக்கிறான் என்றால் ஒரு மனைவி, இப்படி யாராவது வந்து, “எனக்காக ஒரு முனாஜாத்து கட்டிக் கொடேன்” என்று கேட்பார்கள். முனாஜாத்து என்றால் இறைவனிடம் கையேந்திக் கேட்கிற பாட்டு. இவள் கட்டிக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் கூடி உட்கார்ந்து அதைப் பாடுவார்கள்.

பாட்டின் கடைசி அடியில் கட்டியவள் தன் பெயரை வைக்க வேண்டும். கேட்கிறவள் யார் என்று சொல்லாமல் இறைவனிடம் துஆ கேட்பது மரியாதையில்லை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். மஜீத் மட்டும் அதை நம்பமாட்டார். “துஆ கேக்கறியா, இல்ல கையெழுத்துப் போடறியா?” என்று சீண்டுவார். ரம்லத் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. பத்துப் பெண்கள் சேர்ந்து ராகம் இழுத்துத் தன் பெயரைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் குளிரத்தான் செய்யும். வீட்டில் அவளை உம்மா என்பார்கள், புள்ள என்பார்கள், “யாரு உள்ள?” என்பார்கள். ரம்லத் என்று முழுப் பெயரும் காதில் விழுவது அந்த ஓர் அடியில்தான்.

பக்கத்து வீட்டு லத்தீஃபா வந்து கேட்ட முனாஜாத்துதான் வினையாகிப் போனது.

லத்தீஃபாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. புருஷன் அப்துல் ஜலீல் ரவாங் பக்கம் கிழங்கு வாங்கி வருகிறேன் என்று சைக்கிளில் போனவர். சைக்கிள்கூடத் திரும்பவில்லை. ரோட்டில் போன ஆம்பிளைகளையெல்லாம் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சயாமில் ரயில் ரோடு போடவாம் என்று மூன்றாம் நாள் செய்தி வந்தது. லத்தீஃபா அழவில்லை. வந்து அடுப்படியில் உட்கார்ந்து, அரிந்து வைத்த கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “லாத்தா, எனக்கு ஒரு முனாஜாத்து கட்டிக் குடுங்க” என்றாள். அக்காவை லாத்தா என்பார்கள் அவர்கள்.

ரம்லத் கட்டினாள். கையில் குழந்தை, இடுப்பில் வலி, கண்ணில் தண்ணீர். கொஞ்சம் நன்றாகவே கட்டிவிட்டாள்.

*இரும்புத் தடத்தில் ஏறிப் போனார், எந்த ஊரென்று சொல்லவில்லை;
திரும்பும் வழியை நீ அறிவாய், திருப்பித் தருவாய் ரஹ்மானே.*

அந்த வருஷம் கிள்ளானில் புருஷன் போகாத வீடு எது, மகன் போகாத வீடு எது? பாட்டு தெருத்தெருவாகப் போனது. ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள்கூடப் பாடுகிறார்கள், ரஹ்மானே என்கிற இடத்தில் முருகனே என்று போட்டுக்கொள்கிறார்கள் என்று மஜீத் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். ரம்லத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குக் கிழங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேங்காய் போட்டாள்.

பத்து நாள் கழித்து மஜீத் சிரிக்காமல் வந்தார். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே வந்து, திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினார்.

“இன்னிக்கு ஸ்டேஷன்ல இன்னொரு கூட்டத்த ரயில்ல ஏத்தினானுங்க. பொம்பளைங்க எல்லாம் பிளாட்பாரத்துல நின்னு ஒம் பாட்ட பாடியிருக்காங்க. பெரிய ஆபீசருக்கு வந்துச்சு பாரு கோவம். என்ன பாட்டு, யாரு எழுதினது, ஜப்பான்காரன எதிர்த்துப் பாடறாங்களான்னு கேட்டானாம்.”

“யாராச்சும் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. எல்லாரையும் அடிச்சுத் தொரத்திட்டான். ஆனா ரம்லத்து, யாரு சொல்லணும்? பாட்டே சொல்லுதுலா!”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரில் எந்தக் குற்றவாளியும் செய்யாத காரியத்தை அவள் செய்து வைத்திருக்கிறாள். தன் பெயரைத் தானே பாட்டில் வைத்து, நூறு வாயில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மடியில் கிடந்த குழந்தையை அவள் அறியாமலே இறுக்கிப் பிடிக்க, அவன் வீறிட்டான்.

ஜப்பான் ராணுவப் போலீஸைக் குறிக்கும் கெம்பித்தாய் என்ற சொல்லை அப்போதெல்லாம் வீட்டுக்குள்ளும் உரக்கச் சொல்லமாட்டார்கள். “அந்தப் பெரிய வீடு” என்பார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு மளிகைக்காரர் அதே தெருவில் இருந்தார். அவருக்கு இன்னும் மனைவிதான் சோறு ஊட்டுகிறாள். விரல்கள் மடங்குவதில்லை. ரம்லத் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு சௌதாவின் விரல்களைப் பார்த்தாள்.

முதலில் தாள்களை ஒழிக்க வேண்டும். அடுப்பில் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு தாளின் தலையிலும் பிஸ்மில்லா எழுதியிருக்கிறது. எழுத்தும் வேதத்தின் எழுத்து. கிழிந்துபோன ஓதும் தாள்களை ஓடும் தண்ணீரில் விடுவதுதான் வழக்கம். மஜீத் அத்தனையையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். போய் வருகிறவரை ரம்லத் வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் சோதனை போட்டால்? காவல் நிற்கிற ஜப்பான்காரனுக்குக் குனிந்து கும்பிடும்போது தாள் சரிந்து விழுந்தால்? திரும்பி வந்தவரின் சட்டை நனைந்திருந்தது. ஆற்றுத் தண்ணீரா வியர்வையா என்று அவள் கேட்கவில்லை.

தாளை ஆற்றில் விடலாம், ஊர் வாயை எதில் விடுவது? அவள் வெளியே போகிறவள் அல்ல. ஆனாலும் அந்த வாரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போனாள். “பாட்ட பாடுங்க, ஆனா எம் பேர எடுத்துடுங்க” என்று கெஞ்சினாள். சிலர் சரியென்றார்கள். ஒரு பெரிய மனுஷி, “பேரில்லாம துஆவா? மேல யாருன்னு கேக்கமாட்டாங்களா?” என்றாள். அதையேதான் ரம்லத்தும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லத்தீஃபா மட்டும் வேறு விதமாகக் கேட்டாள். “உங்க பேர எடுத்துட்டா அந்த எடம் சும்மா கெடக்கு லாத்தா. எம் பேர வச்சுப் பாடட்டுமா? எம் புருஷனுக்காகக் கட்டினதுதானே.”

ரம்லத்துக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தியது. தன் பாட்டு, தன் இடம். குத்திய கையோடு பெரிய நிம்மதியும் வந்தது. “போட்டுக்க, போட்டுக்க” என்று அவசரமாகச் சொன்னாள். அந்த அவசரத்தில், அந்த இடத்தில் யார் பெயர் நின்றாலும் அந்தப் பெயருக்குரியவளைத் தேடி வருவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா என்று பிற்பாடு அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பாட்டு வரவில்லை. அந்த வாரமே பாலும் வற்றியது. கிஃபாயத்துல்லா சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுவான். பூட்ஸ் சத்தம் எந்தத் தெருவில் கேட்டாலும் போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். தொழுகையில் நின்று, உனக்கே அஞ்சுகிறேன், உன்னிடமே கேட்கிறேன் என்று வாய் சொல்லும். காது வாசலில் இருக்கும். ஒருநாள் பாதித் தொழுகையில் லோரிச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். லோரி கிழங்கு ஏற்றிக்கொண்டு போனது. விரித்துப் போட்ட பாயைப் பார்த்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. யாருக்கு அஞ்சுகிறேன் என்று இத்தனை நாள் பாட்டில் எழுதினேன், யாருக்கு அஞ்சி ஓடினேன் என்று எண்ணி அழுதாள்.

ஒரு புதன்கிழமை, மதியத்து லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள்.

பாட்டைத் தேடி வரவில்லை, துணி தேடி வந்தார்கள். ஜப்பான் அதிகாரி ஒருவர், துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழ் இளைஞன். தம்புசாமி என்று அவன் பெயர். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஆறே மாதத்தில் ஜப்பானியம் பிடித்துக்கொண்டான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். மஜீத் இடுப்பு வரை வளைந்து கும்பிட்டார். பதுக்கி வைத்திருக்கிறாயா என்று அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். கடைசிக் கட்டாக இருந்த இரண்டு வெள்ளைத் துணிகளைச் சிப்பாய் எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான், போயிருப்பார்கள்.

கடை மூலையில் சௌதா கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் வந்தார்கள், துப்பாக்கி வந்தது, பார்த்தாள், மறுபடி கல்லைத் தூக்கிப் போட்டாள். போட்டுக்கொண்டே பாடினாள். அந்தப் பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது. அடித்தும் பார்த்தாயிற்று, கருப்பட்டி கொடுத்தும் பார்த்தாயிற்று.

*இரும்புத் தடத்தில் ஏறிப் போனார்…*

தம்புசாமி திரும்பினான். அதிகாரி அவனிடம் ஏதோ கேட்டார். இவன் ஏதோ சொன்னான். சொல்லும்போதே, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் அவன் முகம் மாறியது. அதிகாரி சௌதாவின் எதிரே போய்க் குந்தினார்.

“பாப்பா, பயப்படாத. அந்தப் பாட்ட முழுசாப் பாடு” என்றான் தம்புசாமி.

திரைக்குப் பின்னால் ரம்லத் நின்றிருந்தாள். குழந்தை தோளில் தூங்கியது. பாடாதே என்று கத்தினால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். சௌதா எழுந்து, ஓதுகிற இடத்தில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக முதலிலிருந்து பாடினாள். ஒவ்வொரு அடியும் ரம்லத்தே கட்டிய அடி. அடுத்து என்ன வரும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கடைசி அடி நெருங்க நெருங்கக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

*நெஞ்சம் உருகிக் கையை ஏந்தி நிற்கின்றேன் உன் வாசலிலே;
அஞ்சிடாத உன்னடியாள் அபலை லத்தீஃபா ரஹ்மானே.*

லத்தீஃபா!

பிள்ளை பக்கத்து வீட்டிலேதான் தினமும் அதைக் கேட்டிருக்கிறாள். அங்கே கேட்டபடி பாடிவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்று ரம்லத்தின் உதடு தானாக அசைந்தது. இறைவனே, காப்பாற்றினாய். அந்த நன்றி முழுதாக வெளியே வருவதற்குள் தம்புசாமியின் குரல் கேட்டது.

“லத்தீஃபாங்கறது யாரு பாப்பா?”

“பக்கத்து வூட்டுச் சாச்சி” என்று சௌதா பலகைச் சுவரைக் காட்டினாள்.

அந்தச் சுவருக்கு அப்பால்தான் லத்தீஃபா இருந்தாள். இங்கே பேசினால் அங்கே கேட்கும். இவ்வளவு நேரம் அங்கே கிழங்கு இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது நின்றுவிட்டது. அதிகாரி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு சிப்பாயிடம் தலையை அசைத்தார்.

மஜீத் திரையைப் பார்த்தார். வாய் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் என்ன செய்வாள்? எட்டு மாதக் குழந்தை. தாய் போய்விட்டால் அதற்கு யார்? லத்தீஃபாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை, புருஷனும் இல்லை. இந்தக் கணக்கெல்லாம் அவள் மனதில் ஓடத்தான் செய்தது. ஓடியதை மறைத்து அவளைப் பெரிய வீராங்கனையாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. போட்டுக்க, போட்டுக்க என்று அவசரமாகச் சொன்னது அவள்தான்.

“அவ இல்ல” என்றாள்.

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கடையில் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

“பேரு மட்டும்தான் அவளோடது. பாட்டு என்னுது. கட்டினது நான்.”

“வெளிய வாங்க” என்றான் தம்புசாமி.

அந்நிய ஆண்கள் முன்னால் அவள் நின்றதே இல்லை. முக்காட்டைக் கண் வரை இழுத்துக்கொண்டு, குழந்தையோடு திரையை விலக்கி வந்தாள். மஜீத் “யா அல்லா” என்றார். சௌதா ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். அதிகாரி கேட்டார், தம்புசாமி மாற்றிச் சொன்னான்.

“என்னாத்துக்குக் கட்டினீங்க?”

“துஆ கேக்க.”

“யாருகிட்ட?”

“அல்லாகிட்ட.”

“ரயில்ல ஏத்திட்டுப் போனது யாருன்னு பாட்டுல சொல்லியிருக்கா?”

“இல்ல.”

“ஏன் சொல்லல?”

“அவனுக்குத் தெரியாததா, நான் சொல்லணும்?”

தம்புசாமி இதை எப்படி மாற்றிச் சொன்னானோ தெரியாது. ரொம்பச் சுருக்கமாக முடித்துவிட்டான். அவன் தன் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருப்பதை ரம்லத் அப்போதுதான் கவனித்தாள். இந்தப் பையனுக்கும் வீட்டில் ஒரு தாய் இருப்பாள், அவளும் வாசலில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

அதிகாரி ஒரு கேள்விதான் இன்னும் கேட்டார். அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

“பாட்டு கட்டினவங்க பேரு கடைசியில வருமாமே. உங்க பாட்டுன்னா உங்க பேரு ஏன் அதுல இல்லன்னு கேக்கறாரு.”

“இருந்துச்சு. எடுத்துட்டேன்.”

“ஏன்?”

ரம்லத்துக்குப் பொய் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

“பயந்துட்டேன்.”

அதுவரை அந்தச் சொல்லை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மஜீத்திடம் சொன்னதில்லை, லத்தீஃபாவிடம் சொன்னதில்லை. தொழுகைப் பாயில்கூட அதைச் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர, சொன்னதில்லை. தம்புசாமி அதை ஒரே சொல்லாக மாற்றிச் சொன்னான்.

அதிகாரி சிரித்தார். நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்போல் திருப்தியாகச் சிரித்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், ஏதோ சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

“பயந்தா சரின்னு சொல்றாரு” என்றான் தம்புசாமி, அவள் முகத்தைப் பார்க்காமல். “எல்லாரும் இப்படிப் பயந்தாப் போதும்ங்கறாரு. இனிமே ஸ்டேஷன்ல இந்தப் பாட்டு கேட்டுச்சுன்னா உங்க வீட்டுக்காரரக் கொண்டு போவாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கதவ சாத்திக்கங்கக்கா” என்று சொல்லிவிட்டு ஓடினான். சிப்பாய் போகிற போக்கில் மஜீத்தின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். சரியாகக் குனியவில்லையாம்.

கதவைச் சாத்திய பிறகு மஜீத் காலி அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கன்னம் வீங்கிக்கொண்டிருந்தது.

“வாய மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா? புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா நீ?”

“நெனச்சேன்” என்றாள் ரம்லத். “லத்தீஃபாவ இழுத்துட்டுப் போயிருந்தா, நாளைக்கு இந்தப் புள்ளைங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?”

அவர் சௌதாவை மடியில் இழுத்துக்கொண்டு அழுதார். சௌதா, “நான் நல்லாத்தானே பாடினேன் வாப்பா?” என்று கேட்டாள்.

ரம்லத் அழவில்லை. குழந்தையைக் கீழே கிடத்தப் பயமாக இருந்தது, தூக்கி வைத்திருக்கவும் பயமாக இருந்தது. ஆனால் பயத்தோடு கோபமும் வந்தது. அறைந்ததற்குக்கூட அவ்வளவு கோபமில்லை. பயந்தா சரி என்றானே! படைத்தவனிடம் சொல்லாமல் பதுக்கி வைத்திருந்த சொல்லை, பூட்ஸ் போட்டவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுது முடித்ததும் கையை ஏந்தினாள். “யா அல்லா, பயந்துட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. என்னால முடியல” என்று சாதாரணப் பேச்சில் சொன்னாள். ராகம் இல்லை, எதுகை இல்லை. அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக லத்தீஃபா வந்தாள். அடுப்படியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு சின்ன மூட்டை.

“என்னது அது?”

“ஒரு மாத்துத் துணி, ஓதற தஸ்பீஹ் மணி. எம் பேரு காதுல விழுந்தொடனே கட்டிட்டேன் லாத்தா. நான்தான் கட்டினேன்னு சொல்லிடலாம்னு எழுந்து நின்னேன். எனக்கென்ன, புள்ளையா குட்டியா. அதுக்குள்ள நீங்க பேசிட்டீங்க.”

ரம்லத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒம் பேர வச்சது என் தப்பு” என்று மட்டும் சொன்னாள்.

“இனி பாடவேணாமா?”

“ஸ்டேஷன் பக்கம் வேணாம். இங்க அடுப்படியில பாடலாம். அவுங்க காதுல விழாம.”

“யாரு பேர சொல்லிப் பாட?”

“எம் பேரச் சொல்லு. அல்லாவுக்கும் தெரியும், ஜப்பான்காரனுக்கும் தெரிஞ்சு போச்சு. இனி யாருக்கு ஒளிக்க?” என்றாள் ரம்லத். சொல்லிவிட்டு, தோளில் கிடந்த குழந்தையைத் தட்டியபடி பழைய அடியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய் அசைந்தது. “ஆனா அஞ்சிடாதன்னு இருக்குல்ல, அது பொய். அத மாத்தணும். அஞ்சிப் போன உன்னடியாள், அபலை ரம்லத் ரஹ்மானே.”

லத்தீஃபா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, “நானும் பயந்தவதானே லாத்தா. எம் பேரும் கூட இருக்கட்டுமே” என்றாள்.

“ரெண்டு பேரு அதுல அடங்காது புள்ள. ஓசை இடிக்கும்.”

இது பாட்டுக் கட்டுகிறவளின் வாய், யோசிக்காமல் சொல்லிவிட்டது. லத்தீஃபா தலையைக் குனிந்துகொண்டு மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு அவிழவில்லை, விரல்கள் அப்படி நடுங்கின. ரம்லத் அந்த விரல்களைப் பார்த்தாள். மூட்டையைத் தன் பக்கம் இழுத்து அவளே அவிழ்த்துக் கொடுத்தாள்.

“இடிச்சா இடிக்கட்டும்” என்றாள். “பாடு.”

மஜீத் கடையில் விளக்கைத் தணித்தார். வாசலில் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று ஒரு காதை அங்கேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் இருவரும் பாடினார்கள்.

*அஞ்சிப் போன உன்னடியார்கள் அபலை ரம்லத் லத்தீஃபா ரஹ்மானே.*

ஓசை நன்றாகவே இடித்தது. இன்னொரு முறை பாடினார்கள்.